பழைய விலைக்கு

என் செல்ல மகனுக்கு,

நம் மலையில் பனி விழத் தொடங்கிவிட்டது. நாங்கள் நலம்.

போன வாரம், வீட்டைச் சூடாக்கும் கணப்புக்கு ஊற்றும் டீசலின் விலையை மறுநாள் முதல் உயர்த்துவதாக அரசு அறிவித்தது. உடனே உன் அப்பா நம் டீசல் கடையை இழுத்து மூடிவிட்டார். தொட்டி நிறைய டீசல் இருந்தது.

பக்கத்து வீட்டு நசீரா கேனோடு வந்தாள். நுரையீரலில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் கணவர் தன்னூஸ் அன்றுதான் வீடு திரும்பியிருந்தார்.

"ஒரு சொட்டுகூட இல்லம்மா, சத்தியமா!" என்றார் அப்பா.

"சத்தியம் பண்ணாதீங்க," என்றேன். "நிறைய இருக்கு நசீரா. கேனைக் கொடு."

பழைய விலைக்கே ஊற்றினேன். சற்று நேரத்தில் தெருவே வந்து நின்றது. மாலைக்குள் தொட்டி காலி. நமக்கென்று எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

புது விலைக்கு விற்றுத்தான் உன்னைக் கிறிஸ்துமஸுக்கு வரவழைக்க நினைத்திருந்தார் அப்பா, பாவம். விமான டிக்கெட்டைப் பற்றி இப்போது அவரிடம் கேட்காதே.

இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று காலை நடுங்கிக்கொண்டே இதை எழுத உட்கார்ந்தேன். அப்பா தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, தன்னூஸைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

உன் அம்மா