மாமாவிடம் மட்டும் சொன்னது

சங்கரன்கோவில்
4.6.2025

கோவை மாநகரைக் கட்டியாளும் என் அக்கா மகள் பொன்மணிக்கு,

சங்கரன்கோவில் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய சங்கரசுப்பு மீசையை முறுக்கிக்கொண்டு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் அடங்கவில்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட என் வேட்டி ஆவியாகிப் போய்க் கேரளாவில் மழையாகப் பெய்ததாகக் கேள்வி.

முப்பத்து மூன்று வயதில் உனக்குப் பிரஷர் மாத்திரையாமே? உன் அம்மா அழுகிறாள். அறுபதைத் தாண்டிய எனக்கே ரத்தம் பொதிகை எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடுகிறது. ஏட்டி, என்ன சங்கதி? மாமனிடம் மறைக்காதே.

உன் மாமன்,
சங்கரசுப்பு

கோவை
11.6.2025

அன்புள்ள மாமா,

டாக்டர் உப்பு, தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, பதினைந்து பதினாறு வயது எப்படிப் போனது என்றும் கேட்டார். அந்த வயதில் ஓயாமல் பயந்த உடம்பு பின்னாளில் இப்படிக் காட்டலாம், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

புளியங்குடி ஹாஸ்டலைப் பற்றிச் சொன்னேன். பரீட்சை என்றாலே வாந்தி. மார்க் குறைந்தால் எல்லார் முன்னாலும் முட்டி போட வேண்டும். அப்போது உங்களிடம் மட்டும்தான் அழுதேன் மாமா. "அம்மாட்ட பேசி உன்னைக் கூட்டிட்டுப் போறேன் மக்கா" என்றீர்கள். நான் பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருந்தேன். நீங்களோ வார்டனிடம் 'வாந்தி மகாராணி' என்று சொல்லிச் சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். பிளஸ் டூ முடியும்வரை ஹாஸ்டலில் எனக்கு அதுதான் பெயர்.

ஏன் மாமா? பதில் மட்டும் எழுதுங்கள். இதையாவது யாரிடமும் சொல்லாதீர்கள்.

பொன்மணி

சங்கரன்கோவில்
23.6.2025

என் தங்கமே பொன்மணி,

உன் கடிதத்தைப் படித்து நான் விட்ட கண்ணீரில் தெருச் சாக்கடை இரண்டு நாள் சுத்தமாக ஓடியது. அந்த வார்டனம்மாள் பிறந்ததிலிருந்து சிரிக்காதவள். சிரிக்கவைத்தால் உன்னிடம் இளகுவாள் என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

ஒன்று கேள். நேற்று இசக்கித்துரை மகள் கல்யாணப் பந்தியில், "பதினாறு வயசு வாந்தி முப்பத்து மூணுல பிரஷரா வந்து இறங்குதாம் வே! நம்மூர் பஸ்ஸுகூட இவ்வளவு லேட்டா வராது!" என்றேன். பந்தியே குலுங்கியது. சாம்பார் வாளிக்காரருக்குப் புரையேறிவிட்டது. நீயும் கொஞ்சம் சிரி. சிரித்தால் பிரஷர் இறங்குமாம்.

உன் மாமன்,
சங்கரசுப்பு

கோவை
3.7.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பந்தியில் சாப்பிட்டவர்கள் அம்மாவுக்கு போன் செய்து துக்கம் விசாரித்தார்களாம்.

நேற்று டாக்டரிடம் போயிருந்தேன். "அந்த வயசுல சொல்லி அழறதுக்கு வீட்டுல யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார்.

யாரும் இல்லை என்று சொன்னேன்.

பொன்மணி