கடைசியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்

2 பிப்ரவரி 1958, ஞாயிறு

இன்று கோயில் திருவிருந்தில், எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கும் திராட்சரசப் பாத்திரத்தை எனக்குத் தராமல் நிறுத்தினார்கள்.

முதல் வரிசையில் முழங்காலிட்டிருந்தேன். சபைக் கமிட்டி மாசிலாமணி பின்னால் வந்து தோளைத் தொட்டான். "அண்ணே, உங்க கையில ஏதோ இருக்குன்னு பேசிக்கிறாங்க. எல்லாரும் வாங்கட்டும், அந்தக் கடைசி பெஞ்சுக்காரங்களும் வாங்கட்டும். அதுக்கப்புறம் நீங்க வாங்க."

சபை முழுவதும் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் வேட்டியை இழுத்துக்கொண்டு சற்று நகர்ந்தார். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தக் கோயிலின் இரும்பு வாசற்கதவை ஆணியடித்துக் கோத்தது இந்தக் கைதான்.

முழங்கைக்குக் கீழே ஒரு வெளுத்த தேமல். அவ்வளவுதான். தேமல்தானே?

3 பிப்ரவரி

பொன்மலை ரயில்வே பட்டறையில் கொதிகலன் வேலை செய்தவன் நான். சுட்ட இரும்பு கிட்டே வந்தாலே தோல் சொல்லிவிடும். காலையில் மருமகள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, கரண்டிக் காம்பை அடுப்பில் காட்டித் தேமல்மேல் வைத்தேன்.

சூடு தெரியவில்லை. கருகிய வாசனை வந்த பிறகுதான் எடுத்தேன்.

7 பிப்ரவரி

எனக்கு யாரும் எழுத்துச் சொல்லித் தரவில்லை. பட்டறைச் சுவரில் கரியால் கிறுக்கிப் பழகி, வேதத்தை நானே கூட்டிக்கூட்டி வாசித்தவன். தோலில் வெள்ளை கண்டதால் பாளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். யாரையோ பற்றி என்று வாசித்தேன்.

10 பிப்ரவரி, திங்கள்

டாக்டர் ஹாஜிரா அம்மாவிடம் போனேன். பஞ்சைத் திரித்து வைத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்குங்க பெரியவரே. நான் தொடுற எடத்தை விரலால காட்டுங்க" என்றார்.

காத்திருந்தேன். "சரி, ஆரம்பிங்கம்மா" என்றேன்.

பிறகு, "தொட்டு முடிச்சுட்டேன்" என்றார்.

குஷ்டம். எழுதிவிட்டேன். எழுதாவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது.

"ஆரம்பந்தான். உங்களுக்கு வந்திருக்கிறது அடுத்தவங்களுக்குத் தொத்துற ரகம் இல்லை. மாத்திரை இருக்கு. வருஷக்கணக்கா ஆனாலும் விடாம சாப்பிடணும். பிடிவாதக்காரர்தானே நீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வரத் தைரியம் இல்லை. பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வரைக்கும் நடந்தேன். காவிரிக்கரை அம்மா மண்டபப் படியில் உட்கார்ந்தேன். தண்ணீரில் காலை வைக்கக் கூசியது. கீழே எத்தனை பேர் குளிக்கிறார்கள்! தொத்தாது என்று இப்போதுதானே கேட்டேன்? கேட்டும் கூசியது.

11 பிப்ரவரி

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

14 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். மகன் தலையைத் தொங்கப்போட்டான். மருமகள் அமிர்தம் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். எனக்குத் தூரமான இடுப்பு.

16 பிப்ரவரி

"அம்மாவுக்கு உடம்பு முடியலையாம் மாமா. லால்குடிக்குப் போயிட்டு வரேன்." அவள் அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "போயிட்டு வாம்மா" என்றேன். குழந்தை என்னிடம் தாவியது. நான் கையை நீட்டவில்லை.

2 மார்ச், ஞாயிறு

திருவிருந்து நாள். போகவில்லை. மணிச்சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

கர்த்தாவே, எதற்கு இது? காரணம் சொல்லும். கமிட்டிக்காரன் மாதிரி தோளைத் தொட்டுவிட்டுப் போகாதேயும்.

19 மார்ச்

விரல்களை மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். சுண்டுவிரல் வளைகிறதா? நேற்றைவிட? பயமா இருக்கு. வேற யார்கிட்ட சொல்ல?

24 மார்ச்

போதகர் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"தொத்தாதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சபைக்கு யார் சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும். வேற எதுக்குப் பிரசங்கம்?"

"பாத்திரத்தை மறுக்கலையே. கடைசியா வாங்கிக்கச் சொல்றோம்."

காப்பி வேண்டாம் என்றார். சரி, மிச்சம் எனக்கு.

4 ஏப்ரல், பெரிய வெள்ளி

போனேன். மாசிலாமணி கைகாட்டுமுன் நானே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அது கீழத்தெருக்காரர்களின் பெஞ்சு. இவர்களும் நம்மைப் போலவே ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆனால் பாத்திரம் மற்றவர்களுக்குப் போன பிறகுதான் இவர்களுக்கு. எழுதி வைத்த சட்டம் இல்லை. பிதாக்கள் காலத்து வழக்கம். முன்வரிசையிலிருந்து நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பக்கத்தில் இருசம்மாள். கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு குழைப்பவள். "என்னங்க பெரியவரே, முன் பெஞ்சு ஒழுகுதா?" என்றாள். அவள் தம்பி ராசப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"எனக்கு வந்திருக்கிறது குஷ்டம். தள்ளி உக்காரு" என்றேன்.

"தள்ளி உக்கார எங்களுக்குப் பின்னால சுவருதாங்க இருக்கு."

6 ஏப்ரல், உயிர்த்தெழுந்த ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முன்வரிசைகள் வாங்கி முடித்தன. கடைசி பெஞ்சும் போனது. எல்லாருக்கும் கடைசி நான் என்பதுதானே உத்தரவு? ஒதுங்கி நின்றேன். இருசம்மாள் மட்டும் அவர்களோடு போகாமல் என் பக்கத்திலேயே நின்றாள். "நீங்க முன்ன போங்க" என்றாள்.

"எனக்கப்புறம் நீ குடிக்கிறதா? பைத்தியமா உனக்கு?"

"போங்கங்கிறேன்ல."

மாசிலாமணி அங்கிருந்து கண்ணைக் காட்டினான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. நான் குடித்தேன். நான் வாய் வைத்த பாத்திரத்தை அவள் வாங்கிக் குடித்தாள்.

மிச்சத்தைக் கோயில் பின்புறச் செடிக்கு ஊற்றுவது வழக்கம். போதகர் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். வெகுநேரம். பிறகு, நின்ற இடத்திலேயே குடித்துவிட்டார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்தேன். "ஏம்மா, பயமில்லையா உனக்கு?"

"இருக்குங்க. பயந்துகிட்டேதான் குடிச்சேன். எங்க வாய் பட்ட மிச்சத்தைச் செடிக்கு ஊத்துறதைச் சின்னப் புள்ளையிலேருந்து பாக்குறேன். இன்னைக்கு உங்களதையும் சேத்து ஊத்துவாங்களேன்னு இருந்துச்சு. உங்களை ஒத்தையா விட மனசு வரலை."

எனக்கு நடந்த அநியாயத்தை இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இவள் பிறந்ததிலிருந்து அதே இடத்தில் நிற்கிறாள். கர்த்தாவே, நான் கேட்ட காரணம் இதுவா? தெரியவில்லை. ஆனால் என்னோடு குடிக்க நீர் அனுப்பியது அவளைத்தான்.

13 ஏப்ரல்

அமிர்தம் வந்துவிட்டாள். "அம்மாவுக்குத் தேவலையா?" என்று கேட்டேன். "அவங்களுக்கு என்ன கேடு மாமா" என்றாள். நேராக ஹாஜிரா அம்மாவிடம் போய், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். குழந்தையைப் பாயில் விட்டாள். அது தவழ்ந்து வந்து என் வேட்டியைப் பிடித்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஓடி வரவில்லை.

27 ஏப்ரல்

முன்வரிசைக்குத் திரும்பி வரலாம் என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறதாம். மாசிலாமணியே வந்து சொன்னான். வரமாட்டேன் என்றேன். "பின்ன என்னதாண்ணே வேணும்?" என்றான். சொன்னேன். முகம் கறுத்துப்போய் எழுந்து போனான்.

3 மே, சனி

தேமல் அப்படியே இருக்கிறது. பயமும் போகவில்லை. நாளை திருவிருந்து. ஆக வேண்டியவை:

போதகர்: தொத்தாது என்பதைப் பீடத்தில் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாத்திரத்தைக் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். மிச்சம் செடிக்கு இல்லை. சம்மதித்திருக்கிறார். காலையில் பின்வாங்குவார், ஆராதனைக்கு முன் ஒருதரம் போய் நிற்க வேண்டும் – நான்.

மாசிலாமணி: ஒன்றும் செய்ய வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

மகன்: வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்கி வர வேண்டும்.

அமிர்தம்: குழந்தையோடு என் பெஞ்சில் உட்காருவதாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

ராசப்பன்: அக்காள் வெட்கப்பட்டு எழுந்திருக்கமாட்டாள். கையைப் பிடித்து எழுப்ப வேண்டும்.

இருசம்மாள்: முதலில் போக வேண்டும்.

நான்: அவளுக்குப் பின்னால்.