ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை, மாத்திரை சாப்பிடச் சொன்னால் என்னை முறைக்கிறார். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். போன வாரம் போனில், குட்டிக்குத் தட்டம்மை ஊசி போடலாமா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நீ முப்பது வருஷமா ஊசி போடுற, நீ சொன்னா போட்டுடுறேம்மா என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

எங்கள் சுகாதார நிலையத்தில் மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், தினமும் காலையும் மாலையும் எத்தனை டிகிரி என்று அதில் எழுத வேண்டும். ஞாயிறு விடுமுறை, அதனால் திங்கள் காலை வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் நான்கு, நான்கு என்று போட்டுவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம், எப்போதும் நான்குதானே. மூன்று வாரம் முன்பும் அப்படியே எழுதிவிட்டுப் பதினொரு குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டேன். மறுநாள் வாட்ச்மேன் பேச்சுவாக்கில், ஞாயித்துக்கிழம பூரா கரண்டே இல்ல சிஸ்டர், வேர்த்து ஊத்திடுச்சு, ராத்திரிதான் வந்துச்சு என்றார். சூடேறிய மருந்து பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. டாக்டரம்மாவிடம் ஓடி, எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி போட்டுவிடலாம் என்றேன். வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் பிள்ளைய தூக்கிட்டு வரமாட்டாங்க, அடுத்த டோஸ்ல சரியாயிடும், பேசாம இருங்க என்றார். அவர் கெட்டவர் இல்லை, சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. அடுத்த டோஸுக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கிறது, பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்தாகிவிட்டது.

நீ ஊசியைப் போட்டுவிடு கண்ணு. இதைப் படித்துவிட்டுப் போடாமல் இருந்துவிடுவாயோ என்று பயந்து இரண்டு கடிதம் கிழித்தேன். தப்பு மருந்தில் இல்லை, பார்க்காமல் எழுதிய என் கையில். அங்கே ஃபிரிட்ஜைக் காட்டச் சொல்லிக் கேள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இதோடு வருகிற மஞ்சள் கவுன் நம் தெருத் தையல்காரி தைத்தது. அந்தப் பதினொன்றில் அவள் மகளும் ஒருத்தி. எங்களுக்குப் பயமில்ல சிஸ்டர், நீங்கதான் போட்டுட்டீங்களே, இது உங்க பேத்திக்கு என்று நேற்று வாசலில் நின்று கொடுத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அளவு சரியா இருக்குமா சிஸ்டர் என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஊசி போட்ட அன்றைக்கே ஒரு வரி எழுது, மறந்துவிடாதே.

உன்னிடம் மட்டும் சொல்லிவிட்ட,
அம்மா