நீல சூட்கேஸ்

என்னங்க,

கோபம் தணிந்ததா என்று கேட்கப்போவதில்லை. இது வேறு விஷயம்.

நீங்கள் எப்போது திரும்புவீர்கள் என்று கணக்கு டீச்சர் துருவித் துருவிக் கேட்டதால், "அடுத்த மாசம் வந்துடுவார்" என்று பொய் சொல்லி வாயை அடைத்தேன். அவரிடம் மட்டும்தான். இன்று இஸ்திரிக்காரர், "சார் அங்கேருந்து கிளம்பறதுக்கு நீல சூட்கேஸ் வாங்கிட்டாராமே அக்கா" என்கிறார்.

சூட்கேஸ் பற்றி நான் மூச்சே விடவில்லை.

தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டு, யாரும் கலக்காமலே பரவுவதை வருஷாவருஷம் வகுப்பில் காட்டுகிறேன். அங்கே சொட்டு என்னுடையது என்றாவது தெரியும். இங்கே போகிற வழியில் என் பொய்க்கு நிறம் ஏறியதா, உங்கள் பக்கமிருந்தும் ஒரு சொட்டு விழுந்ததா? ஒன்றும் பிடிபடவில்லை.

அலமாரிக்கு மேலே இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். சூட்கேஸ் வாங்கவில்லை என்றால் பதில் போட வேண்டாம்.

உங்கள்
டீச்சரம்மா