பின் ஸீட் இல்லாத பச்சை வண்டி

என் அருமை ராஜு அண்ணா,

வண்டியை விற்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் முதலில் கேட்பாய்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்கும் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பெரியப்பா அதை ராசியில்லாதது என்று முடிவு கட்டிவிட்டார். "கூரையில்லாத வண்டி ஆத்துக்கு ஆகாதுன்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டானா?" என்று வாசலில் போகிற மீன்காரரிடம்கூடச் சொல்கிறார்.

நானும் அதைப் புகழ்ந்தவன் இல்லை. தேயிலைக் கம்பெனித் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன குட்டிக் கார். இரண்டே ஸீட், துணிக் கூரை, ஜூன் மாத இடவப்பாதி மழையில் உள்ளே குளம். பஜார் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் நின்றால் அதன் சக்கரம் நம் தோளுயரம். பதினோரு பேர் இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு வண்டியா? முட்டாள்தனம் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ சிரித்தாய். ஏன் ஒரு பதிலும் சொல்லவில்லை?

போன ஞாயிறு எர்ணாகுளத்திலிருந்து ஒரு சேட்டன் வாங்க வந்தார். நான் சாவியை எடுத்தேன். மன்னி கையை நீட்டினாள்.

"குடு. ஒரு தடவை ஓட்டிட்டுக் குடுத்துடறேன்."

"மன்னி, இது ஸ்கூட்டர் இல்லே."

"கண் தெரியறதுடா. வாயை மூடிண்டு ஏறு."

"அய்யோ சேச்சி, மெல்லெ!" என்று சேட்டன் பின்னால் கத்தினார்.

தோப்பும்படி பாலத்து ஏற்றத்தில் கியரை மாற்றினாள். சத்தமே இல்லை. நான் இஞ்சினீயர், புதிதாக ஓட்டுகிறவர் போடுகிற கியர் அது இல்லை என்று காது சொன்னது.

"யார் சொல்லிக்கொடுத்தா?"

"உன் அண்ணாதான். கோவிலுக்குன்னு கிளம்பி, துறைமுகத்துத் தீவுல ஆளில்லாத ரோட்டுல கத்துண்டேன். லைசென்ஸும் ஆச்சு. அவர் பக்கத்துல உக்காந்து பல்லைக் கடிச்சுண்டிருப்பார்."

அண்ணா, இஞ்சின் ஒன்றும் பெரிய பலசாலி இல்லை. ஆனால் அது இழுக்க வேண்டிய பாரமும் இல்லை. ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே வண்டி திரும்புகிறது. தார் ரோடு கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது, காயல் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது. மணிக்கு முப்பது மைலில் பறக்கிற மாதிரி இருந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "என்ன இருந்தாலும் பின் ஸீட் இல்லையே" என்றேன்.

"அதுக்காகத்தான் வாங்கினார்" என்றாள். "அத்தனை பேர் இருக்கற ஆத்துல நாங்க தனியாப் பேச வேற எடம் எங்க இருந்தது? பெரியம்மா கூட வரேன்னா, எங்க உக்கார வைக்கிறது, சொல்லு?"

சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பி வந்தால் வாசலில் பெரியப்பா. "கூரையைப் போடு! புருஷன் போனவ இப்படியா? ஊரே பாக்கறது!"

"பாக்கட்டும் பெரியப்பா. ஒரு வருஷமா ஜன்னல் வழியா நான்தானே அவாளைப் பாத்துண்டிருக்கேன்."

வண்டி விற்பதற்கில்லை என்று சேட்டனிடம் நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து பெரியப்பா என்னோடு பேசுவதில்லை.

ஜூனில் எர்ணாகுளத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மன்னி டீச்சராகச் சேருகிறாள். தினமும் இந்த வண்டியில்தான் போவாள். கார்புரேட்டரும் பிரேக்கும் என் பொறுப்பு. கூரையைப் போடு என்று அவளிடம் மழை சொல்லலாம். வேறு யாரையும் சொல்ல விடமாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

வாய்த்துடுக்கு இன்னும் குறையாத உன் தம்பி,
கிட்டு