மூன்றாவது டிஸ்க்

ஜூன் 8, ஞாயிறு
"வீடியோ அப்பாவைப் போடும்மா" என்றாள் வினோதா. போட்டேன். முனிராஜ் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சூளகிரி சந்தையில் பலூனுக்குப் பேரம் பேசுகிறார். அவள் நடக்கத் தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். அவளுக்கு அவர் குரல் என்றால் இதுதான்.

பழைய கம்ப்யூட்டரை சர்வராக்கி, சினிமா, போட்டோ எல்லாம் டிவியில் வரவைத்தது கோபி. முனிராஜின் வீடியோக்களை என் பழைய போனிலிருந்து ஏற்றியதும் அவர்தான். எந்த இரண்டாவது புருஷன் இதைச் செய்வான் என்று அக்கா இன்னும் சொல்கிறாள். சர்வர் கெட்டால்? அதற்கும் பீரோவில் ஒரு பேக்கப் டிஸ்க்.

ஜூன் 10
ஃபேக்டரியில் அவரை ஃபைவ்-எஸ் கமிட்டிக்குத் தலைவராக்கிவிட்டார்கள். வேண்டாததைக் கழி, மிச்சத்தை ஒழுங்காக வை — வீட்டிலும் அதே பாட்டு. என் பழைய மிக்சியில் 'கழிக்க வேண்டியது' என்று சிவப்பு டேக் தொங்குகிறது. அடுத்தது எனக்கா?

ஜூன் 15
பேக்கப் டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். 'வினோ அப்பா' ஃபோல்டர் இல்லை. சர்வரில் இருக்கிறது, இதில் இல்லை. போன மாதம் நானே பார்த்தேனே!

ஜூன் 16
நேராகக் கேட்கவில்லை. "பீரோவை ஒழுங்கு பண்ணீங்களா?" என்றேன். "டிஸ்க்கைக்கூட க்ளீன் பண்ணிட்டேன், முக்கால்வாசி காலி" என்றார். சிரிப்பு வேறு!

ஆக, அவர்தான். முதலில் டிஸ்க். அப்புறம் சர்வர். அப்புறம் வினோ மனசு. ஏன்யா, செத்துப்போனவர்கிட்ட உனக்கென்ன போட்டி?

ஜூன் 19
சின்ன டிஸ்க் ஒன்று வாங்கி அந்த ஃபோல்டரை மட்டும் ஏற்றினேன். காவேரிப்பட்டினத்தில், அக்கா வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாயிற்று. யாருக்கும் சொல்லாதே என்றேன். "கோபிக்குமா?" என்றாள். முக்கியமா அவருக்குத்தான் சொல்லக் கூடாது என்றேன்.

ஜூலை 3
கரண்ட் போய்ப் போய் வந்தது. சர்வர் செத்தது. ஒன்றும் மீட்க முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

ஜூலை 4
கோபி பீரோ டிஸ்க்கை மாட்டினார். சர்வரில் இடமில்லாமல் இதற்குத் தள்ளிய பழைய சினிமாக்கள் மட்டும் இருந்தன. அவர் முகம் வெளுத்துப்போச்சு.

"ஒரே பொருள் ரெண்டு இடத்துல இருந்தா வேஸ்ட்டுன்னு, சர்வர்ல இருக்கறதை எல்லாம் இதுல இருந்து எடுத்துட்டேன் ரூபா. ஃபேக்டரி புத்தி. வினோ அப்பாவும் போயிட்டாரே..."

குழந்தை மாதிரி அழுதார்.

எல்லாமுமா? எங்க கல்யாண வீடியோவுமா? அன்னைக்கு அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர வேறெதையும் நான் தேடவே இல்லையே.

ஜூலை 6, ஞாயிறு
காவேரிப்பட்டினம் போய் எடுத்து வந்தேன். டிவியில் முனிராஜைப் பார்த்ததும் வினோ குதித்தாள். கோபி "அப்பாடா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நிஜமான சந்தோஷம். எனக்குத் தெரியாதா?

பிறகு மேலும் கீழும் தேடினார். "நம்ம கல்யாணம்?"

ஃபோல்டர் ஏற்றிய தேதியைப் பார்த்தார். க்ளீன் பண்ணியதாக என்னிடம் சொன்ன அதே வாரம். ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"சரி விடு. வினோவுக்கு இருக்குதில்ல."

ஜூலை 13
புது சர்வர், புதுத் திட்டம். சர்வரில் ஒன்று, பீரோவில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மாதாமாதம் மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். வெளியே வைப்பதை எங்கே வைக்கலாம் என்று கேட்டேன்.

"உனக்குத் தோணுற இடத்துல வை. எனக்குச் சொல்ல வேணாம்."

கோபமா சொல்லியிருந்தா பதிலுக்குக் கத்தியிருப்பேன். டிஸ்க்கைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.