இல்லாத பிரேக் சத்தம்

உனக்கு எழுதுவதென்றாலும் தாலுகா ஆபீஸ் பழக்கம் என்னை விடவில்லை. சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். சிரிக்காதே.

1. இன்று காலை நம் காரில் எரிந்த மஞ்சள் விளக்கு.
2. கனடாவில் மகளின் காரில் எரிந்த அதே விளக்கும் என் பயமும்.
3. நீ சொன்ன பொய்யும் அதைக் கேட்ட இரண்டு மெக்கானிக்குகளும்.
4. அப்படி ஒரு பொய்யை என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது என்பது.

நாளைக் காலை ரயிலில் மகளும் பேரனும் வருகிறார்கள். ஸ்டேஷனுக்குத் தாத்தாதான் காரோடு வர வேண்டும் என்பது பேரனின் உத்தரவு. எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று இன்று சாவியைத் திருப்பிக் காரைக் கிளப்பினேன். மற்ற விளக்குகளெல்லாம் எரிந்து அணைந்தன. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. எனக்கு வியர்த்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்புதான் வந்தது. நீ போன பிறகு காலியாகவே கிடக்கும் உன் பக்கம் என்னையறியாமல் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்குக் கனடாவில் அப்படியா இருந்தேன்? மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. மருமகன் வேலையாக வேறு ஊருக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியோ தொலைவு, அந்தச் சின்ன ஊரில் டாக்ஸியை நம்ப முடியாது. வலி வந்தால் பக்கத்து வீட்டுப் பெண் வந்து மகளின் காரை ஓட்டுவதாக ஏற்பாடு. அந்தக் காரில்தான் மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் காரோடு வந்த புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். எஞ்சின் பழுதாயிருக்கலாம் என்று ஒரு பக்கம் சொன்னது, ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்று மறுபக்கம் சொன்னது. பனி கொட்டும் சாலையில் கார் நிற்பதையும் உள்ளே பிள்ளை வலியில் துடிப்பதையும் நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"புஸ்தகத்த மூடுங்க. விளக்க விடுங்க, நல்ல மெக்கானிக்கா பாக்கணும். அதுக்கு எனக்கு வழி தெரியும்" என்றாய்.

அந்த வழி உங்கள் தறிக்கூடத்து வழி. பவர்லூம் பழுதாகிப் புதிய ஃபிட்டர் வந்தால், உன் அப்பா உண்மையான பழுதோடு இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்வாராம். அதையும் சரி செய்கிறேன் என்பவனை அத்தோடு அனுப்பிவிடுவாராம்.

"ஏட்டி, பிரேக்கும் கீச்சு கீச்சுங்குதுன்னு சொல்லு."

"அம்மா, பிரேக்ல ஒண்ணுமே இல்லையேம்மா."

"அதுக்குத்தான சொல்லச் சொல்லுதேன்."

முதல் கடை கண்ணாடிக் கதவும் மெத்தை நாற்காலியுமாகப் பளபளத்தது. காப்பி கொடுத்தார்கள். காருக்குள் கருவியை மாட்டிப் பார்த்தவன், ஒரு சென்சாரை மாற்ற வேண்டும், பிரேக்கும் தேய்ந்துவிட்டது, அந்தச் சத்தம் ஆபத்தானது என்றான். மகள் உனக்குத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"முழுசாகக் கேட்டுவிட்டுப் போகலாமே" என்றேன்.

"இல்லாத சத்தம் இவனுக்குக் கேட்டிருக்கு. இன்னும் என்னத்தக் கேக்கணுங்கிய?"

இரண்டாவது கடை ஒரு மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்தது. தாடிக்காரன். முகத்தில் சிரிப்பே இல்லை. என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டான். மகள் திணறினாள். நீ முன்னால் போய் வாயாலேயே "கிரீ...ச்" என்றாய். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அவனோ கவனமாகக் கேட்டான், உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனான். திரும்பி வந்து, பிரேக் நன்றாக இருக்கிறது, தனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, அம்மாவுக்குக் கேட்டால் மறுபடியும் போய்ப் பார்க்கலாம் என்றான்.

"இவன்தான். இவன்ட்டயே விட்டுருவோம்" என்று கையைத் தட்டினாய்.

அவன் கருவியை மாட்டிப் பார்த்தான். பிறகு காரின் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டேங்க் மூடியைப் பிடித்து முறுக்கினான். டிக், டிக், டிக். கடைசியாகப் பெட்ரோல் போட்டது யார் என்று கேட்டான். நீயும் மகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தீர்கள்.

நம் ஊர்ப் பெட்ரோல் பங்கில் நாம் காரை விட்டே இறங்குவதில்லை, போடுகிறவர்களே மூடியும் விடுவார்கள். அங்கே நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் இறங்கியிருந்தேன். மூடியை முறுக்கினால் உடைந்துவிடுமோ என்று பாதியில் விட்டிருக்கிறேன். அந்த இடைவெளியில் பெட்ரோல் ஆவி கசிந்ததற்குத்தான் அத்தனை பெரிய மஞ்சள் விளக்கு. எஞ்சினில் ஒன்றுமில்லை, இந்தக் காரில் தைரியமாகப் பிரசவத்துக்குப் போகலாம் என்று சொல்லி விளக்கை அணைத்தான் தாடிக்காரன். அப்போதுதான் சிரித்தான்.

அதே காரில்தான் மகள் போனாள். பேரனைக் கையில் வாங்கியதும் நீ சொன்ன முதல் வார்த்தை: "என்னங்க, இவனுக்கு மூடின்னு பேரு வச்சிருவோமா?" நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

ஆனாலும் ஒருவரைச் சோதிக்கப் பொய் சொல்லலாமா என்று உன்னோடு பிறகு வாதாடினேன். "நல்லவனுக்கு அதுனால என்ன நட்டம்? ஒரு சுத்து போயிட்டு வருவான்" என்றாய். என் மனம் ஒப்பவில்லை. அதனால்தான் நான்காவதை அப்படி எழுதினேன்.

இதுவரை எழுதிவைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனேன். இனி வருவது மதியம் எழுதுவது.

மூடியைக் காலையிலேயே முறுக்கிப் பார்த்துவிட்டேன், இறுக்கமாகத்தான் இருந்தது. நம் பழைய மெக்கானிக் கடையை மூடிவிட்டதால், ராஜபாளையம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். முன்பின் தெரியாத ஆள். விளக்கைப் பற்றி ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். வாய் அத்தோடு நிற்கவில்லை.

"பிரேக்கும்... கீச்சுனு ஒரு சத்தம்."

காது சுட்டது. அவர் கருவியை மாட்டிப் பார்த்தார், காரையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணாச்சி, எஞ்சின்ல ஒரு பிளக் போயிருக்கு, அதான் விளக்கு எரியுது. மாத்தித் தாரேன். பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு. சத்தம் வருதுன்னு யாரு சொன்னா?"

"வீட்டுக்காரி" என்றேன்.

"அப்ப அவங்களக் கூட்டிட்டு வாங்க. முன்னால உக்கார வச்சு ஒரு சுத்து போயிக் காட்டுதேன்."

தாடிக்காரன் செய்ததும் அதுதானே! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காரை அவரிடமே விட்டுவிட்டு நடந்து வந்தேன். சாயங்காலம் தயாராகிவிடும், நாளைக்கு ஸ்டேஷனில் நிற்பேன்.

மேலே நான்காவதாக எழுதியது தவறு.